பார்க்காதவர் மேல் ஒரு வழக்கு

1995ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தில் ராணுவ நீதிமன்றம் ஒன்று கூடியது. குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் கேப்டன் ஜிம் வாங். அவர் யாரையும் சுடவில்லை. சுடச் சொல்லி உத்தரவிடவும் இல்லை. சம்பவம் நடந்தபோது அவர் வானத்தில் வெகுதூரம் தள்ளி, அவாக்ஸ் என்ற கண்காணிப்பு விமானத்துக்குள் ராடார் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இறந்தவர்கள் 26 பேர். அவர்கள் பயணம் செய்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் பட்டப்பகலில் நேருக்கு நேர் பார்த்துவிட்டு, எதிரியுடையது என்று அடையாளம் சொல்லி வீழ்த்திய இரண்டு விமானிகளில் ஒருவர்கூட அந்த நீதிமன்றத்தின் முன் குற்றம் சாட்டப்பட்டு நிற்கவில்லை.

வக்கீல் தொழிலுக்கு வருமுன் நான் விமானப்படையில் தரைப் பணியில் இருந்தவன். அதனாலேயே இந்த வழக்கை விடாமல் பின்தொடர்ந்தேன். அப்போது இணையம் கிடையாது. சென்னையில் அண்ணா மேம்பாலத்தை அடுத்த அமெரிக்கத் தூதரக நூலகத்தில், தாமதமாக வந்து சேரும் செய்தித்தாள்களைப் புரட்டிக் குறிப்பெடுத்துக்கொள்வேன். பிறகு விசாரணைக் குழுவின் அறிக்கையும் அதைப் பற்றிய புத்தகங்களும் கிடைத்தன. நான் வாதாடிய வழக்கு அல்ல இது. ஆனாலும் அடையாளச் சாட்சியம் பற்றி இளம் வக்கீல்களுக்கு என்ன சொல்ல நேர்ந்தாலும், எங்கள் நீதிமன்ற வழக்குகளை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

முதலில் சம்பவம். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு, வடக்கு இராக்கில் குர்து மக்களைச் சதாம் உசேனின் படையிடமிருந்து காக்க, 36ஆம் அட்சரேகைக்கு வடக்கே இராக்கிய விமானங்கள் பறக்கக் கூடாது என்று அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் தடை விதித்தார்கள். துருக்கியின் இன்சிர்லிக் தளத்திலிருந்து போர் விமானங்கள் தினமும் ரோந்து போயின. 1994 ஏப்ரல் 14 காலை அமெரிக்கத் தரைப்படையின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் அந்தப் பகுதிக்குள் நுழைந்தன. அவற்றில் அமெரிக்கர் 15 பேர், குர்துகள் 5 பேர், துருக்கியர் 3 பேர், பிரிட்டிஷார் 2 பேர், பிரெஞ்சுக்காரர் ஒருவர். சற்று நேரம் கழித்து அமெரிக்க விமானப்படையின் இரண்டு எஃப்-15 விமானங்கள் வந்தன. ராடாரில் ஏதோ மெதுவாக ஊர்வது தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தார்கள். ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-24, அதாவது நேட்டோ நாடுகள் ‘ஹைண்ட்’ என்று அழைக்கும் போர் ஹெலிகாப்டர் என்று முடிவு கட்டினார்கள். ஆளுக்கு ஓர் ஏவுகணை. ராடாரில் முதலில் தென்பட்டதிலிருந்து எல்லாம் முடிய ஏறக்குறைய 8 நிமிடம். ஒருவரும் பிழைக்கவில்லை.

இது சட்டத்தை மீறி நடந்ததா, சட்டப்படி நடந்ததா என்று கேட்டால் பதில் சங்கடமானது. சுடுவதற்கு முன் கண்ணால் பார்த்து அடையாளம் காண வேண்டும் என்பது அங்கே விதி. கருவிகள் பொய் சொல்லக்கூடும், மனிதக் கண் கடைசிக் காவலாக நிற்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதி அது. வியட்நாம் போரிலேயே இந்தக் கட்டுப்பாடு இருந்தது. கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து சுடத்தக்க ஸ்பாரோ ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு, பல சமயம் கண்ணால் உறுதி செய்த பிறகே சுடலாம் என்ற உத்தரவோடு அமெரிக்க விமானிகள் பறந்தார்கள். விதியை எழுதியவர்கள் கண் எதைக் காணும் என்று நம்பினார்களோ, அதைக் கண் காணக்கூடியதுதானா என்பதைத்தான் யாரும் விசாரிக்கவில்லை.

கண்ணின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 5 கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். எதிரே வரும் மிக்-21 விமானத்தின் உடல் அந்த அகலம்கூட வராது. இறக்கையோ முன்னாலிருந்து பார்த்தால் கத்தி விளிம்பு போல மெல்லியது. ஆக, அந்தத் தூரத்தில் அது வானத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இரண்டு ஜெட் விமானங்கள் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த 5 கிலோமீட்டரும் பத்து விநாடியில் கரைந்துவிடும். புள்ளி உருவமாகி, உருவத்துக்கு வால் முளைத்து, வால் ஒன்றா இரண்டா என்று தெரிவதற்குள் அது தலைக்கு மேல் கடந்து போயிருக்கும். இரட்டை வாலைப் பார்த்தே விட்டோம் என்று வைத்துக்கொண்டாலும் தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவின் எஃப்-15க்கும் எஃப்-18க்கும் இரட்டை வால்; ரஷ்யாவின் மிக்-29க்கும் சுகோய்-27க்கும் இரட்டை வால். நம் எல்லையில் சிக்கல் இன்னும் கூடுதல். நம்மிடம் இருந்தது மிக்-21. பாகிஸ்தானிடம் இருந்தது சீனா அதே மிக்-21ஐ ஒட்டிச் செய்த எஃப்-7. இரு பக்கமும் ஒரே உருவம்.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு விமானங்களை அடையாளம் காணச் சொல்லிக் கொடுத்தது கறுப்பு நிழலுரு அட்டைகளை வைத்துத்தான். இறக்கை, என்ஜின், உடல், வால் என்று வரிசை மாறாமல் பார்க்க வேண்டும் என்பது பாடம். பயிற்றுநர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் கோரஸாகப் பெயரைச் சொல்வோம். அட்டையில் விமானம் நேராக, அசையாமல், வெள்ளைப் பின்னணியில் இருக்கும். ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பார்க்கும்போது அதே விமானம் சாய்ந்து, வெயிலுக்கு எதிராக, பாதி இறக்கை மறைந்து வரும். வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடுமாற்றத்தையே ஆயுதமாக்கிக்கொண்ட நாடுகளும் உண்டு. கனடா தன் எஃப்-18 விமானங்களின் அடிவயிற்றில் விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டைப் போலவே ஓர் உருவத்தைக் கறுப்பாக வரைந்து வைத்தது. வானச் சண்டையில் எதிராளிக்கு மேற்புறம் எது, அடிப்புறம் எது, விமானம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று ஒரு கணம் குழம்பட்டும் என்பதற்காக.

இனி அந்த ஏப்ரல் காலைக்கு வருவோம். முன்னால் பறந்த எஃப்-15 விமானி ஹெலிகாப்டர்களுக்குப் பின்புறமிருந்து நெருங்கினார். அவற்றைவிட 500 அடி உயரத்தில், 1,000 அடி இடப்பக்கமாக, மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தார். ஹெலிகாப்டர்களின் வேகம் 240 கிலோமீட்டர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டர் இடைவெளி ஆறு விநாடியில் முடிந்துவிடும். அதுவும் இருபுறமும் மலை எழும்பிய பள்ளத்தாக்கு. ஒரு கண் மலை மேல் இருந்தாக வேண்டும். கீழே இருந்த பிளாக் ஹாக்குகளின் பக்கவாட்டில் குட்டையான இறக்கைகள் பொருத்தி, அவற்றில் பெரிய எரிபொருள் தொட்டிகளை மாட்டியிருந்தார்கள். ஹைண்டுக்கும் பக்கவாட்டில் குட்டை இறக்கை உண்டு. அதில் தொங்குவது ஆயுதம். அந்த விமானிகளுக்குப் பயிற்சியில் காட்டப்பட்ட படங்களில் இப்படித் தொட்டி மாட்டிய பிளாக் ஹாக் இல்லை. அவர்களுடைய படிப்பு முழுக்க எதிரியின் ஜெட் விமானங்களைப் பற்றியது. ஹெலிகாப்டர்கள் அதில் ஓர் ஓரம். பிளாக் ஹாக்குகளில் அமெரிக்கக் கொடி வரையப்பட்டிருந்தது. அவற்றின் நிறமோ கரும்பச்சை. இராக்கிய ஹைண்டுகள் மணலும் பழுப்புமான நிறத்தவை. இந்த இரண்டு வித்தியாசங்களும் அவர் மனதில் பதியவில்லை.

அவர் வானொலியில் முதலில் ‘ஹைண்ட்’ என்றார். உடனே ‘இல்லை, ஹிப்’ என்று வேறொரு ரஷ்ய ஹெலிகாப்டரின் பெயரைச் சொன்னார். காக்பிட்டில் இருந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மறுபடியும் ‘ஹைண்ட்’ என்றார். பின்னால் வந்த விமானியிடம் உறுதி செய்யச் சொன்னார். பின்னவர் பதவியில் மூத்தவர், லெப்டினன்ட் கர்னல். அவர் இன்னும் உயரத்தில், இன்னும் தள்ளிக் கடந்துபோய், ‘இரண்டு தெரிகிறது’ என்ற பொருளில் ஒரு சொல் சொன்னார். இரண்டு ஹைண்ட் தெரிகிறது என்று முன்னவர் எடுத்துக்கொண்டார். இரண்டு ஹெலிகாப்டர் தெரிகிறது என்பதைத்தான் சொன்னேன் என்று பின்னவர் பிற்பாடு விசாரணையில் சொன்னார். 26 பேரின் உயிர் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருந்தது. நம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு சாட்சி முதலில் முருகன் என்று சொல்லி, உடனே இல்லை வேலன் என்று மாற்றி, போட்டோவைப் பார்த்துவிட்டு மறுபடி முருகன் என்று சொன்னால், அந்தச் சாட்சியத்தை வைத்து ஒரு சைக்கிள் திருட்டு வழக்கில்கூடத் தண்டனை வாங்க முடியாது.

இங்கிலாந்தில் 1976ல் டர்ன்புல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடையாளச் சாட்சியத்துக்கு ஒரு பட்டியலே போட்டது. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், நடுவில் ஏதாவது மறைத்ததா, முன்பே பார்த்துப் பழகிய ஆளா, முதலில் சொன்ன அடையாளத்துக்கும் பிறகு சொன்னதற்கும் முரண் உண்டா என்று நீதிபதி ஒவ்வொன்றாக ஜூரிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நேர்மையான சாட்சியும் தவறலாம். தவறாகப் பார்த்தவரின் சாட்சியம் கேட்பவரை முழுமையாக நம்பவைக்கும் என்பதையும் எச்சரிக்க வேண்டும். நம்மிடம் சாட்சியச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் அடையாள அணிவகுப்பு முறை இருந்தது. புதிய சட்டத்தில் அது 7ஆம் பிரிவு. முன்பின் பார்த்திராத ஒருவரைச் சாட்சி முதல்முறையாகக் கோர்ட்டில் வைத்துக் கைகாட்டினால் அதை மட்டும் நம்பித் தண்டிக்க நீதிபதிகள் தயங்குவார்கள். ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பவே இவ்வளவு வடிகட்டல் வேண்டியிருக்கிறது. ஆனால் வானத்தில் ‘கண்ணால் பார்த்தாயிற்று’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் முடிந்தது. சில விநாடி, நகரும் பொருள், நகரும் பார்வையாளர், பழக்கமில்லாத கோணம், மாற்றி மாற்றிச் சொன்ன பெயர். டர்ன்புல் பட்டியலின் எந்தக் கேள்விக்கும் இதில் திருப்தியான பதில் இல்லை.

பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியும் இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே எதைப் பார்க்கப் போவதாக அவர் நினைத்திருந்தார் என்பது. இந்தக் கேள்வியின் பலம் எனக்குப் புரிந்தது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் நடந்த ஒரு விபத்து வழக்கில். மாலை மங்கிய நேரத்தில் சைக்கிளில் போனவரை ஒரு பஸ் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அரசு பஸ் டிரைவர் ஒருவர் மேல் வழக்கு. அவருக்காக நான் ஆஜரானேன். சாலையோரம் டீக்கடை வைத்திருந்த பெரியவர்தான் முக்கியச் சாட்சி. பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர், பார்த்தாலே தெரிந்தது.

“ஐயா, பஸ் நம்பரைப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். வேகமாப் போச்சு.”

“முன்னாடி போர்டு பாத்தீங்களா?”

“ஹெட்லைட் கண்ணைக் கூசிடுச்சுங்க.”

“அப்ப அரசு பஸ்ஸுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆறே முக்காலுக்கு அந்த ரோட்டுல வேற எந்த பஸ் சார் வரும்?”

அன்றைக்கு அந்த பஸ் முக்கால் மணி நேரம் தாமதம் என்பதற்கு டிப்போ பதிவேடு இருந்தது. டிரைவர் விடுதலையானார். பெரியவர் தன் கண்ணால் பார்த்ததாகத்தான் கடைசிவரை நம்பினார். அவர் பார்த்தது கால அட்டவணையை.

எஃப்-15 விமானிகள் பார்த்ததும் கால அட்டவணையைத்தான். அந்தத் தடைப் பகுதிக்குள் காலையில் முதலில் போர் விமானங்கள்தான் நுழைய வேண்டும், அவை வானத்தைச் சோதித்த பிறகே மற்றவை வரலாம் என்பது எழுதப்பட்ட விதி. ஹெலிகாப்டர்களுக்கு நடைமுறையில் அந்த விதி தளர்ந்திருந்தது. அவை தங்கள் போக்கில் வந்து போய்க்கொண்டிருந்தன. அந்தத் தளர்வு போர் விமானிகளிடம் போய்ச் சேரவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அன்றைய பறப்புப் பட்டியலில் ஹெலிகாப்டர்களின் நேரம் குறிக்கப்படவில்லை. நட்பு விமானமா என்று மின்னணு முறையில் கேட்டு அறியும் கருவி இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் தடைப் பகுதிக்குள் வந்ததும் குறியீட்டு எண்ணை மாற்ற வேண்டும் என்பது ஹெலிகாப்டர் ஓட்டிகளுக்குச் சொல்லப்படவில்லை; அவர்கள் வெளிப்பகுதிக்கான எண்ணிலேயே வந்தார்கள். ரகசியக் குறியீட்டுக்கு ஒரு கணம் நட்புக்குறி வந்து மறைந்ததாக முன்னால் பறந்த விமானி சொன்னார். இரு தரப்பும் வெவ்வேறு வானொலி அலைவரிசையில் இருந்ததால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழவே இல்லை. ஆக, அந்த விமானி கீழே பார்ப்பதற்கு முன்பே, கீழே இருப்பது நம்முடையது அல்ல என்று காகிதமும் கருவியும் அவரிடம் சொல்லி முடித்திருந்தன. பிளாக் ஹாக்காக இருக்கும் என்ற எண்ணமே வரவில்லை என்று அவர் சாட்சியம் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன்.

நம்புகிறேன் என்பதால் அவருக்குப் பொறுப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது, உண்டு என்றும் ஒரே அடியில் சொல்ல முடியாது. சட்டம் படிக்கும் நம் மாணவர்கள் எல்லோரும் ராம் பகதூர் தாபா வழக்கைப் படித்திருப்பார்கள். ஒரிசாவின் பாலசோர் மாவட்டத்தில் ரசகோவிந்த்பூர் என்ற ஊரில், கைவிடப்பட்ட பழைய விமானதளம் ஒன்று. அங்கே கிடந்த விமானக் கழிவுப் பொருள்களை வாங்க வந்த வியாபாரியின் வேலையாள் தாபா. அந்த இடத்தில் பேய் உலாவுவதாக ஊரே நம்பியது. இரவில் தூரத்தில் விளக்கு அசைவதைப் பார்த்தவர் குக்ரியோடு பாய்ந்தார். வெட்டுப்பட்டவர்கள் இலுப்பைப் பூப் பொறுக்க வந்த ஆதிவாசிப் பெண்கள், ஒருவர் இறந்தார். கையில் டார்ச் இருந்ததே, நன்றாகப் பார்த்திருக்கலாமே என்றது அரசுத் தரப்பு. பேய் என்று உண்மையாகவே நம்பியவர் அவர், பொருண்மைப் பிழைக்குப் பாதுகாப்புத் தரும் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தும் என்று விடுதலையை ஒரிசா உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு நம் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது. நம்பிக்கை உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. உரிய கவனத்தோடு வந்த நம்பிக்கையாக இருக்க வேண்டும். அந்த ‘உரிய கவனம்’ ஆளுக்கு ஆள் மாறும். இருட்டில் பயந்து நின்ற வேலையாளிடம் எதிர்பார்க்கும் கவனமும், காலை வெயிலில் வானத்தையே தன் கையில் வைத்திருந்த பயிற்சி பெற்ற விமானியிடம் எதிர்பார்க்கும் கவனமும் ஒன்றாக இருக்க முடியாது. அந்த ஹெலிகாப்டர்கள் ஜெட் விமானங்களை எதிர்த்துச் சுடவில்லை. தப்பி ஓடவும் இல்லை. அந்தப் பகுதியில் ஓராண்டுக்கு மேலாக இராக்கிய விமானம் எதுவும் வந்து சிக்கவில்லை. இன்னொரு தடவை கடந்து பார்க்க நேரம் இருந்தது, எரிபொருள் இருந்தது. அவசரமே தேவைப்படவில்லை என்று பிற்பாடு 1997ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு விசாரித்தபோது அதிகாரிகளே சொன்னார்கள். எனவே கவனக்குறைவு என்ற கேள்வி விமானிகள் மீது எழுந்தது நியாயம். அது ஒரு நீதிமன்றத்தில் முழுமையாக வாதிடப்பட்டு, ஒரு தீர்ப்பாக வெளிவந்திருக்க வேண்டும்.

வரவில்லை. பின்னால் பறந்த லெப்டினன்ட் கர்னல் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 26 குற்றச்சாட்டுகள் போட்டார்கள். முன்னால் பறந்து, முதலில் அடையாளம் சொன்ன கேப்டனுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்து அவரைச் சாட்சியாக்கினார்கள். நம் ஊரில் அப்ரூவர் ஆக்குவது போன்ற ஏற்பாடுதான், மன்னிப்புக்குப் பதிலாக உண்மை. அமெரிக்க ராணுவச் சட்டத்தில் முழு விசாரணைக்கு முன், வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் ஒரு பூர்வாங்க விசாரணை நடக்கும். அது முடிந்ததும் லெப்டினன்ட் கர்னல் மேல் இருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. விதி கேட்டது கண்ணால் அடையாளம் காண்பது, அவர்கள் கண்டார்கள், கண்டது தவறு. விதிக்கு உட்பட்டே நடந்த தவறைக் குற்றமாக்க ராணுவ அமைப்பு தயங்கியது என்றுதான் எனக்குப் படுகிறது.

அவாக்ஸ் குழுவின் நிலைமை வேறு. 19 பேர் கொண்ட அந்தக் குழுவிடம் ஹெலிகாப்டர்கள் உள்ளே நுழையும்போதே தகவல் சொல்லியிருந்தன. அவற்றின் அடையாளக் குறி திரையில் சில நேரம் இருந்தது, பிறகு நீக்கப்பட்டது. எஃப்-15 விமானி ‘ஹைண்ட்’ என்று சொன்னபோது, அந்தப் பக்கம் நம் ஹெலிகாப்டர் இரண்டு இருக்கின்றன என்று ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. நிறுத்து என்று சொல்ல அதிகாரமுள்ள தலைமைப் பிரதிநிதி ஒருவர் அதே விமானத்தில் இருந்தார், அவரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கும் கோபமூட்டுகிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்குச் சட்டத்தில் ‘கடமை தவறல்’ என்று ஒரு தலைப்பு தயாராக இருக்கிறது. தவறாகப் பார்ப்பதற்கு அப்படி ஒரு தலைப்பு இல்லை. குற்றம் சாட்டப்பட்ட அவாக்ஸ் அதிகாரிகளில் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலக, திரைக் கட்டுப்பாட்டாளர்களை மேற்பார்வையிட்ட கேப்டன் வாங் மட்டும் மிஞ்சினார்.

அவர் தரப்பு வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. ஹெலிகாப்டர்களைக் கண்காணிப்பது யார் பொறுப்பு என்பதே அந்தக் குழுவுக்குள் ஒருவருக்கொருவர் வேறு வேறாகப் புரிந்திருந்தது. விமானப்படையின் திட்டமும் தரைப்படையின் பறப்பும் மூன்று ஆண்டுகளாக ஒன்றோடொன்று பேசாமலே ஓடிக்கொண்டிருந்தன. மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் ஆண்ட்ரஸ் தலைமையிலான விசாரணைக் குழுவே தவறுகளின் நீண்ட சங்கிலியைத்தான் விவரித்திருந்தது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் அறுத்து நீதிமன்றத்தில் வைப்பது எப்படி நியாயம்? 1995 ஜூன் 20ஆம் தேதி, ராணுவ அதிகாரிகளே அங்கம் வகித்த குழு வாங் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரி. அவரை மட்டும் நிறுத்தியதுதான் தவறு.

தீர்ப்புக்குப் பிறகு விமானப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் ரொனால்ட் ஃபோகிள்மன் கோப்புகளை வரவழைத்துப் பார்த்தார். சம்பந்தப்பட்டவர்களின் பணி மதிப்பீட்டு அறிக்கைகளில் இந்தச் சம்பவத்தின் சுவடே இல்லாததைக் கண்டார். ஆகஸ்டில் அவற்றைத் திருத்தச் செய்தார். இரண்டு விமானிகளையும் அவாக்ஸ் குழுவில் சிலரையும் மூன்று ஆண்டுகளுக்குப் பறக்கும் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று விலக்கினார். பொறுப்பு என்றால் என்ன என்று தானே பேசி ஒரு ஒளிநாடாவைப் பதிவு செய்து, அதிகாரிகள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். நீதிமன்றம் செய்ய முடியாததை ஒரு தலைவர் நிர்வாக அதிகாரத்தால் செய்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இறந்தவர்களின் தாய் தந்தையர் கேட்டது திறந்த நீதிமன்றத்தில் ஒரு பதில். அது நிர்வாக உத்தரவால் கிடைக்கக்கூடியது அல்ல.

அவர்கள் சிவில் நீதிமன்றம் போயிருக்கலாமே என்று வாசகர் கேட்பார். போக வழியில்லை. 1947ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு ராணுவக் குடியிருப்பு தீப்பற்றி, அதில் ஃபெரெஸ் என்ற ராணுவ அதிகாரி இறந்தார். பாதுகாப்பற்ற கட்டடத்தில் தங்கவைத்தார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது. ராணுவப் பணியின் போக்கில் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் அரசு மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று 1950ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கஸ்தூரிலால் வழக்கின் 1964 தீர்ப்பு நினைவுக்கு வரலாம். காவல் நிலையத்தில் காணாமல்போன தங்கத்துக்கு அரசு பொறுப்பில்லை என்று நம் உச்ச நீதிமன்றமும் அன்று சொன்னது. நாம் அந்தச் சுவரை 1993ல் நீலாவதி பெஹரா வழக்கில், அடிப்படை உரிமை என்ற வாசல் வழியாகக் கொஞ்சம் இடித்துவிட்டோம். அமெரிக்கப் படைவீரர் குடும்பங்களுக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை.

ஃபெரெஸ் தீர்ப்பின் விதி இந்த வழக்கில் செய்த காரியத்தைப் பாருங்கள். ஒரே ஹெலிகாப்டர், ஒரே ஏவுகணை, ஒரே மரணம். வெளிநாட்டவர் குடும்பங்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கருணைத் தொகையாக ஆளுக்கு 1,00,000 டாலர் அறிவித்தது. அந்த அறிவிப்பில் அமெரிக்கக் குடும்பங்கள் இல்லை. எல்லாப் படைவீரர் குடும்பத்துக்கும் உரிய வழக்கமான சலுகைகளோடு அவர்கள் நிற்க வேண்டியிருந்தது. தங்கள் பிள்ளைகளைத் தங்கள் நாட்டு விமானமே கொன்ற பிறகு, தங்களுக்கும் சம உரிமை வேண்டும் என்று அவர்கள் நாடாளுமன்றத்தின் படியேறினார்கள்.

2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஃபெரெஸ் தீர்ப்பில் ஒரு விலக்கைக் கொண்டுவந்தது. ராணுவ மருத்துவமனைகளில் நடக்கும் சிகிச்சைத் தவறுகளுக்கு மட்டும் படைவீரர்கள் இழப்பீடு கோரலாம். சொந்தப் படையின் ஏவுகணைக்கு இரையானவர்களின் குடும்பங்களுக்கு 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பே இன்றும் சட்டம்.